எதிலேர்ந்து?

"இன்னைக்கு வெயில் கூட" என்று அந்தம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "எதிலேர்ந்து கூட, பாய்? நேத்தியிலேர்ந்தா, போன வருஷத்திலேர்ந்தா?" என்று கேட்பார். கிண்டலுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு நகர முடியாது. மூக்குக்கண்ணாடிக்கு மேலே புருவத்தை ஏற்றிக்கொண்டு, பதிலுக்காக நிஜமாகவே காத்திருப்பார். பம்பாய் செம்பூரில் எங்கள் ஆபீசில் பாதிப் பேர் இதற்குப் பயந்தே அவரிடம் மழை, வெயில் எதுவும் பேசியதில்லை.

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. கோயம்புத்தூருக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். ஆனாலும் யாராவது என்னிடம் "பரவாயில்லை", "தேவலை" என்று சொன்னால், பக்கத்தில் எங்கேயோ அந்தப் புருவம் ஏறுவது எனக்குத் தெரிகிறது. இது ஒரு வியாதி. அவரிடமிருந்து தொற்றியது.

அவருடைய வேலை, பெரிய எண்ணெய் டேங்க்குகளுக்கு அடித்தளம் போடுவது. கடலோரமாகப் போனால் பார்த்திருப்பீர்கள். நாலு மாடி உயரம், உள்ளே ஒரு கல்யாணமே நடத்தலாம் என்கிற அகலம். பார்க்கிறவர்களுக்கு இரும்பு மட்டும்தான் கண்ணில் படும். அந்தம்மாவுக்கு அதற்குக் கீழே இருப்பதுதான் கணக்கு. வட்டமாக ஒரு கான்கிரீட் சுவர், அதில் முக்கால்வாசி மண்ணுக்குள்ளே. சுவருக்கு நடுவில் இறுக்கி நிரப்பிய மணல். மணலுக்கு மேல், தார் கலந்த மணலில் ஒரு மெத்தை. டேங்க் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும், அடியில் இருப்பதை அதன் பிறகு ஒருவரும் பார்க்கப்போவதில்லை. "யாரும் பாக்கலைன்னா நன்னா இருக்குன்னு அர்த்தம்" என்பார்.

என் வேலை லெவல் எடுப்பது. மூன்று கால் ஸ்டாண்டில் தூரக்கண்ணாடியை வைத்து, எதிரே ஒருவர் பிடிக்கும் அளவுகோலைப் படித்து, எது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நோட்டில் எழுதுவது. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் தாராவி, அவர் மாட்டுங்கா. நடுவில் இருப்பது ரயில் தண்டவாளம் மட்டும்தான். ஆனால் என் தமிழுக்கும் அவர் தமிழுக்கும் நடுவில் கடையநல்லூரிலிருந்து பாலக்காடு வரைக்கும் தூரம். நான் "சொல்லுதேன்" என்பேன். அவர் "சொல்றேளா?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவே கொஞ்சம் பம்பாய் இந்தி ஓடும், அதை வைத்துச் சமாளித்துவிடுவோம்.

சாயங்காலம் ஒரே பஸ். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அவருடைய பை, அதற்குப் பக்கத்தில் நான். பஸ் சயான் பக்கம் திணறி நிற்கும்போதுதான் அவர் பேசத் தொடங்குவார். கடைகளைப் பற்றியோ ஆட்களைப் பற்றியோ அல்ல. "இப்போ நாம நிக்கற எடத்துக்குக் கீழே பழைய ஓடை, பாய். களிமண். கையில எடுத்தா தயிர் மாதிரி இருக்கும்." பஸ் நகரும். "இதோ, இங்கே பாறை வந்துடுத்து." இன்னும் கொஞ்சம். "இங்கே மண் கொட்டி மூடியிருக்கா. யார் கொட்டினா, எப்போ கொட்டினா, யாருக்கும் தெரியாது." நாங்கள் இறங்கும் கிங்ஸ் சர்க்கிள் வருகிறவரைக்கும் இப்படியே போகும். சோடியம் விளக்கு மஞ்சளில், ஹாரன் சத்தத்தில், அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டே வருவேன். சில நாள் எனக்குப் பம்பாயே ஒரு பெரிய படகு போலவும், நாங்கள் இரண்டு பேர் மட்டும் அதன் அடிப்பலகை வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போவது போலவும் தோன்றும். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கால் கொஞ்சம் மெதுவாகத்தான் பதியும்.

மண்ணைத் துளைபோட்டு எடுக்கிற மாதிரிகளை ஆபீஸ் தூக்கிப் போட்டுவிடும். இவர் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போவார். ஊறுகாய் பாட்டில்களில் அடைத்து, சமையலறை மேல்தட்டில் வரிசையாக வைத்திருப்பார். ஒரு நாள் அவருடைய அம்மா, கண் சரியாகத் தெரியாமல், முலுண்ட் செம்மண்ணை ரசப்பொடி என்று நினைத்து ஒரு கரண்டி போட்டுவிட்டார். அந்தம்மா அதை ஆபீசில் வந்து சிரிக்காமல் சொன்னார். "ரசம் அடியில தங்கிடுத்து, பாய். எவ்ளோ நேரத்துல தங்கித்துன்னு பாத்து வெச்சுண்டேன்." அரே, இப்படியும் ஒரு பிறவி!

பெருநாளைக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி பாலில் சேமியா காய்ச்சிக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இதுதான் முதல் தடவை சாப்பிடறேன். எதிலேர்ந்து சொல்றது? இன்னொரு கிண்ணம் குடுங்கோ, அப்பறம் சொல்றேன்." மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் அந்தம்மா கட்சி.

ஏன் இப்படி என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு "பெட்டர்" என்றாராம். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தூங்கினார்களாம். மூன்றாம் நாள் அப்பா இல்லை. "முந்தின ராத்திரியைக் காட்டிலும் பெட்டர்னுதான் அவர் சொல்லிருக்கார். பொய் இல்லை. நான் எதிலேர்ந்துன்னு கேட்டிருந்தா அப்பா பக்கத்துலயே இருந்திருப்பேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டேங்க் கட்டி முடித்ததும் முதலில் எண்ணெய் ஊற்றமாட்டார்கள். தண்ணீர்தான். கால்வாசி ஊற்றி நிறுத்துவார்கள், அப்புறம் அரைவாசி, முக்கால், பிறகு முழுசு. அந்தத் தண்ணீரின் எடையில் டேங்க் மெல்லமாகப் பூமிக்குள் இறங்கும். கடலோரக் களிமண்ணில் இறங்காமல் இருக்காது. சுற்றி வர வைத்த புள்ளிகளில் எவ்வளவு இறங்கியது என்று நான் தினமும் லெவல் எடுப்பேன். இறக்கம் நிற்கும்வரை தண்ணீரை வடிக்கக் கூடாது. நின்ற பிறகுதான் குழாய்களை இணைக்கலாம். முன்னாலேயே இணைத்தால், அப்புறம் டேங்க் இறங்கும், குழாய் இறங்காது, இரண்டும் சேரும் கழுத்து முறிந்துவிடும். எண்ணெய் வெளியே வரும். சுற்றுச்சுவரை ஒட்டியே குடிசைகள்.

தண்ணீர் ஏறும் அந்த நாட்கள்தான் அந்தம்மாவுக்குத் திருவிழா. டேங்க்கின் இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் இருக்கும் உயரம்வரைக்கும் இரும்பு குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே வெயில் சுடும். தூரத்தில் சேற்றில் பூநாரைகள் ரோஸ் நிறத்தில் ஒற்றைக் காலில் நிற்கும். காற்றே இருக்காது. "இறங்கிண்டிருக்கு, பாய்" என்பார் மெதுவாக, குழந்தை தூங்குகிறது என்று சொல்வது போல. "எல்லாம்தான் இறங்கும். ஒரே சீரா இறங்கினா யாருக்கும் வலிக்காது." அப்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அப்படி ஓர் அமைதியை நான் பள்ளிவாசலில்கூட சில பேரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவது என் கதை. வெட்கக்கேடுதான். ஆனாலும் இதைச் சொல்லாமல் அந்தம்மாவைச் சொல்ல முடியாது.

லெவல் எடுக்க அசையாத ஒரு குறி வேண்டும். அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அளப்போம். பெஞ்ச் மார்க் என்போம். கடலோரத்தில் நாங்கள் கட்டிய ஒரு டேங்க்குக்கு அவரே வந்து, கேட்டுக்கு வெளியே, மலையடிவாரத்துப் பாறையில் உளியால் ஒரு குறி வெட்டச் சொன்னார். பாறை அசையாது. ஆனால் அங்கேயிருந்து டேங்க்குக்கு அரைக் கிலோமீட்டர். எட்டு இடத்தில் மெஷினை மாற்றி மாற்றி வைத்து அளவைக் கொண்டுவர வேண்டும், அதேபோலத் திரும்பிப் போய்ச் சரிபார்க்கவும் வேண்டும். ஒவ்வொரு நாளும். மே மாதம். அந்த வருஷம் நோன்பும் அந்த மாதத்தில் வந்தது. எதிரே டேங்க் நிறையத் தண்ணீர், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

நோன்பு மேல் பழியைப் போடமாட்டேன். எத்தனையோ பேர் நோன்போடு மூட்டை தூக்குகிறார்கள். சோம்பேறித்தனம்தான். முதல் நாள் பாறையிலிருந்து ஒழுங்காக அளவைக் கொண்டுவந்து, டேங்க்குக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியிருந்த பம்ப் அறையின் கான்கிரீட் படியில் ஒரு குறி போட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து அந்தப் படியை வைத்தே அளந்தேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. நோட்டில் மட்டும் 'பாறை' என்று எழுதினேன். அந்தப் படியும் அதே களிமண் மேல்தான் நிற்கிறது, டேங்க் இறங்கினால் பக்கத்து மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும் என்பது இருபது வருஷம் லெவல் எடுத்த எனக்குத் தெரியாதா? தெரியும். கொஞ்சம்தானே என்று நினைத்தேன்.

எண்கள் அழகாக வந்தன. டேங்க் கொஞ்சமாக இறங்கியது, சீக்கிரமே நின்றும்விட்டது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தம்மா மட்டும் நோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரொம்பக் கம்மியா இருக்கே, பாய். நான் கணக்குப் போட்டதுல பாதிகூட இல்லை." பிறகு அந்தக் கேள்வி வந்தது. "எதிலேர்ந்து எடுத்தேள்?"

"பாறையில இருந்துதான், மேடம்."

"அச்சா" என்றார். இறக்கம் நின்றுவிட்டது என்கிற சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த கேள்வி வரவில்லை. வெயிலைக் கேட்பவர், சேமியாவைக் கேட்பவர், என்னை அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டார். அன்று நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

தண்ணீரை வடித்தார்கள். குழாய்களை இணைத்தார்கள். ஜூனில் முதல் மழை கொட்டிய நாள் வேறு வேலையாக அங்கே போனேன். பம்ப் அறைப் படிக்கும் சாக்கடைக்கும் நடுவில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். கட்டியபோது படியிலிருந்து சாக்கடைக்கு ஓடிய தண்ணீர் அது. இப்போது சாக்கடையிலிருந்து படிக்கு ஓடிக்கொண்டிருந்தது. படி இறங்கியிருக்கிறது. படியே இவ்வளவு இறங்கியிருந்தால் டேங்க் எவ்வளவு இறங்கியிருக்கும்? நின்றுவிட்டது என்று நான் எழுதியபோது அது நிற்கவே இல்லை. இரண்டும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு நின்றதுபோலத் தெரிந்திருக்கிறது. எண்ணெய்க் கப்பல் பத்து நாளில் வருவதாகப் பேச்சு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். வேலை போவதுகூடச் சரி. அந்தம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டு நாள் பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஊமையாக உட்கார்ந்து வந்தேன். அவர் பாட்டுக்கு அடியில் இருக்கிற பாறையையும் சேற்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள், மழை, டிராஃபிக், பஸ் நகரவே இல்லை.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன்."

"சொல்லுங்கோ."

"அந்த டேங்க்குக்கு நான் பாறைக்குப் போகல. மொத நாளு மட்டுந்தான் போனேன். பொறவு பம்ப் ரூம் படிய வச்சுப் பாத்தேன். அந்தப் படி இறங்கிட்டு, மேடம். கண்ணால பாத்தேன்."

வைப்பர் இல்லாத ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"எத்தனை ரீடிங், பாய்?"

"எல்லாம்."

அவர் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஸ்டாப் இல்லாத இடத்தில் கண்டக்டரிடம் சொல்லி இறங்கி, குடையை விரித்து, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். டேங்க் பக்கம் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு. நான் நனைந்துகொண்டே பின்னால் ஓடினேன். "மேடம்" என்றேன். "இப்போ பேசாதீங்கோ" என்றார். அவ்வளவுதான்.

அன்று நாங்கள் போய்ச் சேருமுன் வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் காலை, அளவுகோல் பிடிப்பவர் கல்யாணிலிருந்து வரவேண்டும், மழையில் ரயில் நின்றுவிட்டது. அந்தம்மாவே பிடித்தார். தூறலில், முழங்கால்வரை சல்வாரைச் சுருட்டிக்கொண்டு, பாறையில் வெட்டிய குறியின் மேல் அளவுகோலை நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொண்டு நின்றார். நான் மெஷினுக்குக் குடை பிடித்துக்கொண்டு படித்தேன். எட்டு இடம். கண்ணாடிக்குள் பார்த்தால் தலைகீழாக ஆடும் மழைக்கோடுகளுக்கு நடுவே எண்களும், அவற்றின் ஓரத்தில் அவருடைய விரல்களும் தெரியும். கடல், சேறு, டேங்க்குகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் கரைந்துபோய், உலகத்தில் அந்த விரல்கள் மட்டும் மிச்சமிருந்தது போல இருந்தது. அழுதேன். மழைதானே, தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

டேங்க் நான் எழுதியதைக் காட்டிலும் வெகுவாக இறங்கியிருந்தது. ஆனாலும் அவர் கணக்குப் போட்ட அளவுக்கு வரவில்லை. மிச்சம் பாக்கி இருந்தது. எண்ணெய் ஏறினால் அதுவும் இறங்கும், குழாயின் கழுத்து முறியும்.

முதலாளியின் அறைக் கதவு சாத்தவில்லை, எல்லோருக்கும் கேட்டது. "டேங்க் கடா ஹை நா? பஸ்!" என்று மேசையைத் தட்டினார். டேங்க் நிற்கிறது, போதும், அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார். கப்பல் கிளம்பிவிட்டது, கொடுத்த சர்ட்டிபிகேட் கொடுத்ததுதான், கிளையன்ட் போனால் ஆபீசையே மூடவேண்டும் என்றார். அந்தம்மா இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அந்தத் தாளை நான் வாபஸ் வாங்குகிறேன் என்று.

கடிதத்தை அவரே டைப் அடித்தார். அனுப்புமுன் ஒரு பிரதியை என் மேசையில் வைத்தார். லெவல் எடுத்தவர் குறியை மாற்றினார், அதை எழுதவில்லை என்று ஒரு வரி. வடிவமைத்தவர் எண்கள் குறைவாக இருந்ததைக் கண்டும், நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்திட்டார் என்று அடுத்த வரி. இரண்டு வரியிலும் பெயர் இருந்தது. முதல் வரியில் என் பெயர்.

டேங்க்கில் மறுபடியும் தண்ணீர் ஏற்றினார்கள். மழைக்காலம் முழுக்க அது நிறைந்தே நின்றது. இறக்கம் நின்ற பிறகு குழாய்களை வெட்டி, புதிதாக இணைத்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் வெளியே வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று.

எனக்கு ஆத்திரம் என்றால் ஆத்திரம். பெயரைப் போடாமல் எழுதியிருக்கலாமே? நானாகத்தானே வந்து சொன்னேன்? அந்தம்மாவுக்கு மாட்டுங்காவில் சொந்த ஃபிளாட், எனக்கு என்ன இருக்கிறது? பெரிய கம்பெனி எதிலும் என்னைச் சேர்க்கவில்லை. விஷயம் எப்படியோ எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருஷம் முலுண்டில் பாத்ரூம் தரைக்கு வாட்டம் பார்த்துக் கொடுத்தேன். ஒரு நாள் வீட்டில் குதித்துக்கொண்டிருந்தபோது மனைவி வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்: "அந்தம்மா எழுதுனதுல எது பொய்?" நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். "பொறவு என்னத்துக்குக் குதிக்கிறிய?" அதன் பிறகு குதிப்பதை நிறுத்திவிட்டேன். மனசு மட்டும் ஆறவில்லை.

ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன்.

"பாய், நான்தான். சொந்தமா ஆரம்பிச்சிருக்கேன். உரண் பக்கம் ஒரு டேங்க். நாளைக்குத் தண்ணி ஏத்தறா. லெவல் எடுக்கணும், வரேளா?"

கையில் பிடித்திருந்த ரசமட்டப் பலகையைக் கீழே வைத்தேன். "என்னையவா மேடம் கூப்பிடுதிய? வேற ஆளா கெடைக்கல? உங்ககிட்ட பொய் சொன்னவன் நானு."

"தெரியும். எனக்கு அதை யார் சொன்னா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"டேங்க் சொல்லலை. முதலாளி சொல்லலை. மழைகூட உங்களுக்குத்தான் காட்டித்து, எனக்கு இல்லை. நீங்க வாயை மூடிண்டு இருந்திருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேன், அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவா இல்லாம போயிருப்பா. நீங்கதானே சொன்னேள்?" போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. "நன்னா அளக்கறவா நெறையப் பேர் இருக்கா, பாய். தப்பா அளந்துட்டேன்னு வந்து சொல்றவனை நான் எங்கே போய்த் தேடறது?"

சிமெண்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிச்சலில் இன்னும் அழுதேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றால் நிற்கட்டும்.

"வருதேன், மேடம்" என்றேன்.

காலை ஆறரைக்கு வந்தால் போதும் என்றார். நான் ஐந்தரைக்கே போய் நின்றேன்.